ராம்நாட்டுல உக்காந்துக்கிட்டு அரிசோனா, நியூ மெக்சிகோ குடியேற்ற வரலாறை எப்படிப் படிக்கிறது?

அமெரிக்கா-மெக்சிகோ எல்லைப் பாலைவனத்துல ஸ்பானிஷ் பேசுற சனங்க குடியேறுன கதையைப் படிக்கிற நம்ம ஊரு தம்பி தங்கச்சிங்க பலபேரு, 1540-ல ஸ்பானியத் தளபதி கொரோனாடோ தங்கம் தேடி வந்தாரு, 1598-ல ஓன்யாத்தே ஆளுகளைக் கூட்டிட்டு வந்து குடியேத்துனாருன்னு வருஷத்தை மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சைக்குப் போயிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் படிக்காதீங்க. தண்ணி எங்க இருந்துச்சு, அங்க முன்னாடியே யாரு இருந்தாங்க, இந்த ரெண்டு கேள்வியை வச்சு ஆரம்பிங்க, கம்மாய் நிறையுமா நிறையாதான்னு வானத்தைப் பாக்குற நமக்கு மத்தவங்களை விட இது சட்டுன்னு புடிபடும்.

முதல்ல ஒரு மேப் எடுத்து ரியோ கிராண்டே, சாண்டா குரூஸ் ரெண்டு ஆத்தையும் கலர் பென்சில்ல இழுத்துக்கங்க. அப்புறம் சாண்டா ஃபே (1610 வாக்குல), அல்புகெர்க்கி (1706), துபாக் (1752), டூசான் (1775) இந்த ஊரை எல்லாம் குறிச்சுப் பாருங்க, எல்லாமே அந்த ஆத்தையோ அதோட கிளையையோ ஒட்டித்தான் இருக்கும். பக்கத்துலயே அது சாமியாருங்க நடத்துன மிஷனா, பட்டாளம் இருந்த பிரசிடியோவா, குடியானவங்க ஊரான்னு எழுதி வைங்க. துபாக்ல பட்டாளம் வந்ததே 1751-ல பீமாங்கிற பூர்வகுடிச் சனங்க கிளர்ச்சி பண்ணதாலதான்.

அடுத்து அசெக்கியா. இதுல மட்டும் அவசரப்படாதீங்க. ஆத்துக்குக் குறுக்க தடுப்பு போட்டு வெட்டுன ஊர் வாய்க்கா அது, அதைப் பாத்துக்குற மயோர்டோமோவை ஊர்க்காரங்களே தேர்ந்தெடுப்பாங்க, யாரு வயலுக்கு எப்ப தண்ணின்னு முறை வச்சு விடுறது அவரு வேலை, வசந்த காலம் வந்தா தண்ணிப் பங்கு உள்ள ஒவ்வொரு வீட்டுல இருந்தும் மம்பட்டியோட ஆள் வந்து தூர் வாரணும். நம்ம குடிமராமத்தும் நீர்பாய்ச்சியும் அப்படியே கண்ணுக்கு வரும். நியூ மெக்சிகோவுல இன்னைக்கும் இது ஓடுது. ஆனா வாய்க்கா வெட்டுறதை ஸ்பானியருதான் கத்துக்குடுத்தாங்கன்னு எழுதிடாதீங்க, அவங்க வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே ஹோஹோகாம்ங்கிற பழைய பூர்வகுடிச் சனங்க அரிசோனாவுல பெரிய பெரிய வாய்க்கா வெட்டி வெள்ளாமை பண்ணிருக்காங்க. நம்ம நிலத்தைப் பாழாக்குற சீமைக்கருவேலத்தோட இனத்து மரம் அந்தப் பாலைவனத்துல நிறைய, அதோட நெத்தை இடிச்சு மாவாக்கிச் சாப்பிட்டாங்க அங்கத்துப் பூர்வகுடியான ஓஓடம் சனங்க.

1680 கிளர்ச்சியைத் தனிப் பக்கத்துல எழுதுங்க. பஞ்சம், கட்டாய வேலை, அவங்க சாமியைக் கும்பிட விடாத கொடுமை எல்லாம் சேந்து போப்பேங்கிற பூர்வகுடித் தலைவரு பின்னாடி நியூ மெக்சிகோவோட புவெப்லோ பூர்வகுடிச் சனங்க எழுந்தாங்க, ஸ்பானியரு சாண்டா ஃபேயை விட்டுட்டு எல் பாசோ பக்கம் ஓடுனாங்க, 1692-ல ஸ்பானிய கவர்னர் வர்காஸ் வர்ற வரைக்கும் திரும்பல.

யாரு குடியேறுனாங்கங்கிறதுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பாருங்க. பிள்ளை பேரு, அப்பா அம்மா, ஞானத் தாய் தகப்பன், சாமியாரு கையெழுத்து, இதோட எஸ்பான்யோல் (ஸ்பானியரு), மெஸ்தீசோ (ஸ்பானியரும் பூர்வகுடியும் கலந்தவங்க), முலாத்தோ (ஸ்பானியரும் ஆப்பிரிக்கரும் கலந்தவங்க)ன்னு சாதி மாதிரி ஒரு வார்த்தையும் பல இடத்துல இருக்கும். 1754-ல நிலம் குடுத்த அபிக்கியூ ஊருல இருந்தவங்க ஹெனிசாரோ, அதாவது புடிச்சுக் கொண்டுவந்து ஸ்பானிஷ் வீடுகள்ல வேலை வாங்குன பூர்வகுடிங்க, அவங்க வாரிசுங்க. ஸ்பெயின்ல இருந்து நேரா வந்த ரத்தம்னு ஒத்தையா எழுதுறவங்களை நம்பாதீங்க. தெற்கு அரிசோனா பதிவுகளை டுமாகாக்கோரி தேசியப் பூங்காக்காரங்க மிஷன் 2000-ங்கிற பேருல டேட்டாபேஸா தொகுத்திருக்காங்க, தேடிப் பாருங்க.

டூசான் பக்கத்துல சான் சேவியர் தெல் பாக்னு ஒரு கோயில், 1692-ல கீனோ சாமியாரு ஆரம்பிச்ச மிஷன், இப்ப நிக்கிற கட்டடம் 1783-ல இருந்து 1797 வரைக்கும் கட்டுனது. அந்தப் பேரு நம்ம முத்துக்குளித்துறைக் கரையில 1542-ல வந்து நடந்த அதே சவேரியாருதாங்க! உள்ள அவரு படுத்த கோலத்துல ஒரு சுரூபம் இருக்கு, வர்றவங்க தலையைத் தூக்கிப் பாத்து வேண்டிக்குவாங்க. கீனோவும் இயேசு சபை, 1549-ல நம்ம வேதாளையில கொல்லப்பட்ட கிரிமினாலி சாமியாரும் இயேசு சபை.

கடைசியா எல்லை. 1848 குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்துல நியூ மெக்சிகோ மெக்சிகோகிட்ட இருந்து அமெரிக்காவுக்குக் கைமாறுச்சு, 1854-ல அமெரிக்கத் தூதர் காட்ஸ்டன் பேசி வாங்குன நிலத்தோட டூசானும் போச்சு, ஓஓடம் சனங்க ரெண்டு நாட்டுலயும் பிரிஞ்சு கிடக்காங்க. 1974-ல கச்சத்தீவு பேச்சு நடந்தப்ப நம்ம மீனவங்களை யாரும் கேக்கலைங்கிறது தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். 1848 ஒப்பந்தத்தைப் படிக்கிறப்ப அங்க இருந்த மெக்சிகோக்காரங்க சொத்தை மதிப்போம்னு சொன்ன 8-ஆம் பிரிவையும், நில மானியத்தைக் காப்பாத்துறோம்னு இருந்து அமெரிக்க செனட் வெட்டி எறிஞ்ச 10-ஆம் பிரிவையும் சேத்து வைங்க, அதுக்கப்புறம் 1897 சாண்டோவல் வழக்குத் தீர்ப்பைப் படிங்க: ஊரே சேந்து மாடு மேய்ச்சு விறகு எடுத்த பொது நிலம் ஊருக்குச் சொந்தமில்ல, அரசாங்கத்துக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, குடியானவங்க கையில வீடும் வாய்க்காத் தண்ணி பாயுற துண்டு வயலும் மட்டும் மிஞ்சுச்சு.