கூரையில் நிற்காத நட்சத்திரங்கள்

மகளுக்கு அறையில் வானம்தான் வேண்டுமாம். இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் நட்சத்திரங்களைக் கூரையில் ஒட்டினோம்; காலையில் பாதி கட்டிலில் கிடந்தன. பழைய டிஸ்டெம்பர் அடித்த கூரை, விரலால் தேய்த்தால் மாவாக வந்தது. அதன்மேல் எந்தப் பசை நிற்கும்? உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் ஒரு கோட், அடர்நீல எமல்ஷன் இரண்டு கோட் அடித்தோம். நன்றாகக் காய்ந்தபின் ஒட்டியவை இன்றுவரை அசையவில்லை.

அப்புறம், ஒளி சீக்கிரம் மங்கியது. மஞ்சள் பல்பு இவற்றுக்குப் போதாது. நீலம் அதிகமுள்ள ஒளியைத்தான் இவை நன்றாகச் சேமித்துக்கொள்ளும். படுக்குமுன் வெள்ளை எல்இடி டியூபைக் கொஞ்ச நேரம் எரியவிடுகிறோம்.

கண்டபடி ஒட்டாமல் கார்த்திகை நட்சத்திரங்களைக் கொத்தாகவும், வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பிலுள்ள மூன்றை வரிசையாகவும் வைத்தோம். இவை இரண்டுக்கும் நடுவே வரும் செந்நிற நட்சத்திரமான ரோகிணி எங்கே என்கிறாள் மகள். செந்நிறத்தில் ஒளிர்வது கடையில் கிடைக்கவில்லை.