எதிரி அணி ஜப்பான் பிட்சரை வாங்கிவிட்டதா? புலம்பத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

குளிர்காலத்தில் பேஸ்பால் ஆட்டம் கிடையாது, ஆனால் சண்டைக்கு மட்டும் குறைவே இல்லை. நாம் வெறுக்கும் அணி ஜப்பானிலிருந்து ஒரு பிட்சரை (பந்து வீசுபவரை) மலைக்க வைக்கும் தொகைக்கு எடுத்துவிட்டது என்று செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "காசைக் கொட்டிக் கோப்பையை வாங்கறானுங்க." இன்னொன்று, "அங்க ஆடினவன் இங்க வந்து என்ன கிழிக்கப்போறான்?" வேடிக்கை என்னவென்றால் பாதி நேரம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். அவர் இங்கே வந்து ஒன்றும் கிழிக்கப்போவதில்லை என்றால் எதிரி காசைத் தொலைத்ததற்கு நாம் இனிப்பு கொடுக்க வேண்டும், எதற்குப் புலம்பல்?

நான் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கட்சி. அதனால் 2023 டிசம்பரில் எங்கள் பரம எதிரி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஜப்பான் பிட்சர் யோஷினோபு யாமாமோட்டோவை 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் கொடுத்து எடுத்ததையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன் என்பது தெரிந்தே படியுங்கள்.

முதலில் தொகையைப் பிரியுங்கள்

செய்தியில் வரும் பெரிய எண்ணோடு கதை முடிவதில்லை, மூன்று கணக்குகள் இருக்கின்றன.

ஒன்று வீரருக்குப் போகும் சம்பளம். இரண்டாவது, அவரை விட்டுக்கொடுக்கும் ஜப்பான் அணிக்குப் போகும் போஸ்டிங் கட்டணம். ஜப்பானில் ஒரு வீரர் ஒன்பது ஆண்டு ஆடினால்தான் சுதந்திரமாக வெளிநாட்டு அணிக்குப் போக முடியும். அதற்கு முன்பே போக வேண்டுமென்றால் அவருடைய அணி மனது வைத்து அவரை "போஸ்ட்" செய்ய வேண்டும், அதற்கு ஈடாகத்தான் இந்தப் பணம். இப்போதைய விதிப்படி ஒப்பந்தத்தின் முதல் 2.5 கோடி டாலருக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5 சதவீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 15 சதவீதம். யாமாமோட்டோவுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: 50 லட்சம், 43.75 லட்சம், 4.125 கோடி, ஆக மொத்தம் 5 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். இது அவருடைய ஜப்பான் அணியான ஓரிக்ஸ் பஃபலோஸுக்குப் போனது, சம்பளத்தில் கழிக்கப்படவில்லை, மேலே கூடுதலாகக் கொடுத்தது.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: சொகுசு வரி. மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச லீகில், அணியின் சம்பளப் பட்டியல் ஒரு வரம்பைத் தாண்டினால் வரி (2024-இல் அந்த வரம்பு 23.7 கோடி டாலர்). வரிக்கு எடுத்துக்கொள்வது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை, அதாவது 32.5 கோடியை 12-ஆல் வகுத்தால் வரும் சுமார் 2.7 கோடியை. போஸ்டிங் கட்டணம் இதில் சேராது. அப்பாடா என்று நினைக்காதீர்கள், தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகவோ அதற்கு மேலாகவோ வரம்பைத் தாண்டி, வரிப் படிகளில் உச்சப் படியையும் மீறிய அணி, அந்த உச்சத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். டாட்ஜர்ஸ் அந்த இடத்தில்தான் இருந்தார்கள். இந்த ஒரு பிட்சரின் சம்பளம் முழுக்க அந்த உச்சத்துக்கு மேலே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2.7 கோடியின் உண்மையான செலவு 5.7 கோடிக்குப் பக்கத்தில் வரும். "காசைக் கொட்டறானுங்க" என்று சொல்ல ஆசைப்பட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், 32.5 என்று மட்டும் கத்துவதைவிடக் கனமாக விழும்.

இன்னொன்று, பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள். 2006-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் டைசுகே மட்சுசாகாவை எடுத்தபோது முறையே வேறு: மூடிய உறையில் ஏலம், அதிகத் தொகை எழுதிய அணிக்கு மட்டுமே வீரரோடு பேச உரிமை. ரெட் சாக்ஸ் எழுதியது 5,11,11,111 டாலர். அது அவருடைய ஜப்பான் அணியான செய்பு லயன்ஸுக்கு. மட்சுசாகாவுக்கு ஆறு ஆண்டுக்கு 5.2 கோடி. கிட்டத்தட்டப் பாதிப் பணம் அவர் கைக்கே வரவில்லை. பேரம் பேச அவருக்கு வேறு அணி இல்லையே. யாமாமோட்டோ காலத்திலோ 45 நாளுக்குள் எந்த அணியோடும் பேசலாம், மொத்தச் செலவில் பழைய அணிக்குப் போனது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. சம்பளம் இப்படி ஏறியதற்கு அணிகளின் பேராசை மட்டும் காரணமில்லை, வீரர் கைக்குப் பேரம் வந்ததும் ஒரு காரணம்.

வயதைப் பாருங்கள், அப்புறம் பொறாமைப்படுங்கள்

"மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாதவனுக்கு கெரிட் கோலைவிட அதிகமா?" இது அந்த டிசம்பரில் எல்லாரும் கேட்ட கேள்வி. அமெரிக்கப் பிட்சரான கோலுக்கு நியூயார்க் யாங்கீஸ் கொடுத்தது ஒன்பது ஆண்டுக்கு 32.4 கோடி. ஆனால் கோல் கையெழுத்துப் போட்டது 29 வயதில், யாமாமோட்டோ 25 வயதில். அமெரிக்காவில் வளரும் பிட்சர் ஆறு ஆண்டுச் சேவை முடித்துச் சந்தைக்கு வரும்போது பெரும்பாலும் முப்பதைத் தொட்டிருப்பார், தோளும் முழங்கையும் ஏற்கெனவே தேய ஆரம்பித்திருக்கும். 25 வயதில் ஒரு முதல்தர பிட்சர் வெளிச்சந்தையில் கிடைப்பதே அபூர்வம். அந்த நான்கு ஆண்டுக்குத்தான் விலை.

25 வயதுக்குக் கீழே என்றால் கதையே தலைகீழ். அப்போது அவர் சர்வதேச அறிமுக வீரர் கணக்கில் வருவார், அணிகளுக்கு ஒதுக்கப்பட்ட சின்னத் தொகைக்குள்தான் தர முடியும். 2017-இல் ஷோஹெய் ஓட்டானி 23 வயதில் வந்தபோது ஏஞ்சல்ஸ் கொடுத்த கையெழுத்துத் தொகை 23 லட்சம் டாலர்தான், அதைவிடக் கூடுதல் தர முடிந்த அணிகள் இருந்தும் அங்கே போனார். 2025 ஜனவரியில் ரோகி சசாகியை டாட்ஜர்ஸ் எடுத்தது 65 லட்சத்துக்கு. சசாகி விஷயத்தில் "காசைக் கொட்டி வாங்கினார்கள்" என்று யாராவது சொன்னால் அவர் செய்தியைப் படிக்கவில்லை என்று அர்த்தம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏறக்குறைய ஒரே காசு எல்லாரும் தர முடிந்தபோதும் ஏன் நம் வீட்டுப் படியேறவில்லை? அது கொஞ்சம் வலிக்கும் கேள்வி.

யாமாமோட்டோ விஷயத்திலும் பணம் முழுப் பதில் இல்லை. நியூயார்க் மெட்ஸ் அதே 12 ஆண்டு, அதே 32.5 கோடியை நீட்டியதாகச் செய்தி வந்தது. யாங்கீஸ் பத்து ஆண்டுக்கு 30 கோடி, ஆண்டுச் சராசரியில் அதுதான் கூடுதல்.

ஜப்பான் எண்களைப் படிக்கும் விதம்

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெற்றி தோல்விக் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். மசாஹிரோ தனாகா 2013-இல் ஜப்பானின் ராகுட்டன் அணிக்காக 24 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. யாங்கீஸ் ஏழு ஆண்டுக்கு 15.5 கோடி கொடுத்தார்கள், அவர் ஏழு ஆண்டில் 78 வெற்றி, 46 தோல்வி, ஈ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 3.74. நல்ல பிட்சர், கொடுத்த காசுக்கு மோசமில்லை, ஆனால் 24-0 என்ற எண் எந்தக் கனவைக் கிளப்பியதோ அது வேறு.

அமெரிக்காவுக்கு வந்த பிறகும் வெற்றிக் கணக்கு ஏமாற்றும். மட்சுசாகா 2008-இல் 18-3, ஈ.ஆர்.ஏ 2.90. பார்த்தால் மிரட்டும். ஆனால் 167 சொச்சம் இன்னிங்ஸில் 94 வாக் கொடுத்திருந்தார், மேஜர் லீகின் இரு பிரிவில் ஒன்றான அமெரிக்கன் லீகிலேயே அதுதான் அதிகம். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து பேரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு எத்தனை நாள் தப்பிக்க முடியும்? அந்த ஆண்டு யாங்கீஸ் ரசிகர் ஒருவர் வாயைத் திறக்க முடியாமல் தவித்திருந்தால், அவர் பார்த்திருக்க வேண்டிய எண் இதுதான்.

ஆகவே ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), வாக் இரண்டையும் பாருங்கள். அப்புறம் பந்துகளைப் பாருங்கள். ஸ்ப்ளிட்டர், ஃபோர்க்பால் வகைப் பந்துகளில் ஜப்பான் பிட்சர்கள் கெட்டி, மட்டைக்கு முன்னால் வந்து திடீரென்று தரையை நோக்கி விழும். மெட்ஸின் கோடாய் செங்காவின் "பேய் ஃபோர்க்" அப்படித்தான் பேர் வாங்கியது, ஐந்து ஆண்டுக்கு 7.5 கோடிக்கு வந்து முதல் சீசனிலேயே 202 ஸ்ட்ரைக்அவுட். இந்தப் பந்து ஒன்று உறுதியாக இருக்கிறதா, அதோடு வேகப்பந்தும் அமெரிக்க மட்டையாளர்களைத் தாண்டுமா என்று வீடியோவில் பாருங்கள். ஆள் குள்ளம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள், யாமாமோட்டோ 178 செ.மீ.தான்.

அடுத்தது ஓய்வு. ஜப்பானில் தொடக்க பிட்சர் வாரத்துக்கு ஒரு முறை வீசுவார். அமெரிக்காவில் ஐந்து நாளுக்கு ஒரு முறை, 162 ஆட்டம். பந்தும் வேறு, ஜப்பான் பந்து கொஞ்சம் பிசுபிசுப்பாகக் கையில் ஒட்டும், அமெரிக்கப் பந்து வழுக்கும், ஆற்று மண்ணைத் தேய்த்துத்தான் ஆட்டத்துக்கே எடுக்கிறார்கள். அதனால் கேட்க வேண்டியது, "இவர் நல்லவரா" என்பது மட்டுமில்லை, "இவரை எடுத்த அணியிடம் ஆறாவது தொடக்க பிட்சர் இருக்கிறாரா" என்பதும். டாட்ஜர்ஸ் யாமாமோட்டோவுக்குப் பெரும்பாலும் கூடுதல் நாள் ஓய்வு கொடுத்தே வீச வைத்தார்கள். அதைச் செய்ய ஆள்பலம் வேண்டும். ஒரு பிட்சரை வாங்கும் காசு எல்லாருக்கும் கிடைக்கலாம், அவருக்கு ஓய்வு கொடுக்கத் தேவையான இன்னும் ஐந்து பேரை வைத்துக்கொள்ள எல்லாராலும் முடியாது. எதிரி அணியைத் திட்ட வேண்டுமென்றால் இந்த இடத்தில் திட்டுங்கள்.

கையின் கதை

மருத்துவப் பரிசோதனைச் செய்தி வரும்வரை கருத்தை முடிக்காதீர்கள். 2016 தொடக்கத்தில் கென்டா மாயேடா டாட்ஜர்ஸில் எட்டு ஆண்டுக்கு வெறும் 2.5 கோடி உறுதித் தொகைக்குக் கையெழுத்துப் போட்டார், மற்றதெல்லாம் ஆடினால்தான் என்ற ஊக்கத்தொகை. பரிசோதனையில் ஏதோ தென்பட்டதுதான் காரணம். தனாகாவுக்கு முதல் ஆண்டிலேயே முழங்கைத் தசைநாரில் பாதிக் கிழிசல், அந்தக் கிழிசலுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே ஒப்பந்தம் முழுக்க ஓட்டிவிட்டார். மட்சுசாகா பள்ளிக்கூடக் காலத்தில் கோஷியென் போட்டியில் ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸ், 250 பந்து வீசியவர், அவருக்கு 2011-இல் அதே முழங்கையில் கத்தி. ஆக, "உடையும்", "உடையாது" என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. உடைந்தால் யார் நஷ்டம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

எதிரி வாங்கியதைவிட நம் ஆட்கள் பதறி வாங்குவது ஆபத்து

2002 டிசம்பரில் கியூபாவிலிருந்து வந்த ஹோசே கான்ட்ரேராஸை யாங்கீஸ் 3.2 கோடிக்குக் கொத்திக்கொண்டு போனபோது ரெட் சாக்ஸ் தலைவர் லாரி லுக்கினோ அவர்களைத் "தீய சாம்ராஜ்யம்" என்றார். நான்கே ஆண்டில் அதே ரெட் சாக்ஸ் மட்சுசாகாவுக்கு உறையில் ஐந்து கோடியை எழுதிப் போட்டார்கள். கான்ட்ரேராஸோ இரண்டு சீசன் முடிவதற்குள் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கைமாறி, 2005-இல் அங்கே கோப்பை வாங்கினார்.

மட்சுசாகா கைவிட்டுப் போன அதே குளிர்காலத்தில் யாங்கீஸ் என்ன செய்தார்கள்? ஹன்ஷின் டைகர்ஸின் கெய் இகாவாவுக்கு 2,60,00,194 டாலர் எழுதினார்கள். கடைசியில் அந்த 194, அந்த சீசனில் அவர் எடுத்த ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கை! சம்பளம் ஐந்து ஆண்டுக்கு இன்னும் 2 கோடி. மேஜர் லீகில் மொத்தமே 16 ஆட்டம், 2 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ 6.66. ஒப்பந்தத்தின் பெரும்பகுதியை மைனர் லீகில் கழித்தார். பக்கத்து வீட்டில் கார் வந்ததென்று கடன் வாங்கி லாரி வாங்கியதுபோல.

எனவே நம் அணி மேலாளரிடம் "நாமும் ஒருவரை எடு" என்று கத்துவதற்கு முன், அதே சந்தையில் இரண்டாம் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். யாமாமோட்டோவுக்காக எல்லாரும் முட்டிக்கொண்ட அதே குளிர்காலத்தில் சிகாகோ கப்ஸ் ஷோட்டா இமனாகாவை நான்கு ஆண்டு 5.3 கோடிக்கு எடுத்தார்கள். முதல் சீசன் 15-3, ஈ.ஆர்.ஏ 2.91. அந்த விலைக்கு எந்த அணியும் போயிருக்கலாம், எங்கள் ஆட்கள் உட்பட.

எப்போது தீர்ப்பு சொல்வது

முதல் ஆட்டத்தில் வேண்டாம், தயவுசெய்து. 2024 மார்ச்சில் தென்கொரியாவின் சோலில் யாமாமோட்டோ முதன்முதலாக இறங்கி ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தபோது எங்கள் பக்கம் நடந்த கொண்டாட்டத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்த ஆண்டு தோள் வலியால் 90 இன்னிங்ஸ்தான். சரி, பணம் போச்சு என்றார்கள். 2025-இல் ஈ.ஆர்.ஏ 2.49, 201 ஸ்ட்ரைக்அவுட், அப்புறம் இறுதித் தொடரான உலகத் தொடரில் டொராண்டோவுக்கு எதிராக இரண்டாவது ஆட்டத்தை முழுதாக வீசி முடித்தது, ஆறாவதில் 96 பந்து வீசி வென்றது, மறுநாளே ஏழாவதில் ஒன்பதாம் இன்னிங்ஸில் இறங்கிப் பதினொன்றாவதுவரை நின்று முடித்தது. தொடர் நாயகன். ஜயன்ட்ஸ் ரசிகனாகவே சொல்கிறேன், அந்தக் கடைசி இரவுக்கு எதிர்வாதம் கிடையாது.

ஆனால் ஒப்பந்தம் 2035 வரை ஓடுகிறது, கடைசி சீசனில் அவருக்கு 37 வயது ஆகும். பின்பகுதி எப்படிப் போகும் என்ற சண்டைக்கு இன்னும் நிறைய இடமிருக்கிறது. கேலி செய்ய வேண்டுமென்றால் காசைக் கேலி செய்யுங்கள், முதலாளியைக் கேலி செய்யுங்கள், ஆளின் ஆங்கிலத்தையும் மொழிபெயர்ப்பாளரையும் விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் விலகும் உரிமை எந்த ஆண்டு என்றும் குறித்து வையுங்கள், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. யாமாமோட்டோவுக்கு முதல் வாய்ப்பு 2029 சீசன் முடிந்ததும். அப்போது அவருக்கு 31 வயது. அந்தக் குளிர்காலத்தில் நம் அணியின் சம்பளப் பட்டியலில் யார் யார் இருக்கப்போகிறார்கள், எவ்வளவு இடம் காலியாகும் என்று இப்போதே எண்ணத் தொடங்கலாம்.