குறைந்த செலவில் கோலாலம்பூர்: முதன்முறை போகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் சுற்றுலாப் பயணியின் பணம் பெரும்பாலும் டாக்சியில்தான் கரைகிறது. அறை வாடகை மலிவு என்று ஊருக்கு வெளியே தங்கிவிட்டு, மிச்சம் பிடித்ததை நாள்தோறும் காருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எந்த ரயில் நிலையத்தின் அருகே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாத் திட்டமும் அதற்குப் பிறகுதான்.

படி 1: கிளம்புமுன்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் தங்க விசா தேவையில்லை. ஆனால் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் மின்னணு வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். இது முற்றிலும் இலவசம்; பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிட முன்பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். அங்குள்ள பிளக்குகளுக்கு மூன்று செவ்வக முனைகள் இருக்கும் என்பதால் அதற்கான அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடலாம்.

படி 2: தங்குமிடம்

இரண்டு பகுதிகளைப் பாருங்கள். ஒன்று, நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், பூக்கடைகள் என்று பழகிய சூழல். மற்றொன்று, பசார் செனி நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய சீனக் கடைத்தெரு. தனியாகப் போகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன். பொது அறையில் ஒரு படுக்கை மட்டும் தரும் விடுதிகள் இங்கே அதிகம், பாதி ஊரை நடந்தே பார்க்கலாம். ஹோட்டலானால் வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியைத் தனியாக வாங்குவார்கள். முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஒரு ரிங்கிட்டை இருபது ரூபாய் சொச்சம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

படி 3: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடும், கட்டணம் 55 ரிங்கிட். பஸ்ஸில் சுமார் 15 ரிங்கிட், ஒரு மணி நேரம். பஸ்ஸே போதும். நான்கு பேராக வந்திருந்தால் மட்டும் வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியில் கட்டணத்தையும் பார்த்து, தலைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒப்பிடுங்கள்.

படி 4: டச் அண்ட் கோ அட்டை

நிலையத்தில் வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகிய நகர ரயில்கள், கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயில், நகரப் பஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஓர் அட்டை போதும். ரொக்கத்துக்கு டோக்கன் வாங்குவதைவிடக் கட்டணமும் சற்றுக் குறைவு. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வாயில் கருவியில் அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரயிலைத் தேடினால் கிடைக்காது. பக்கத்திலுள்ள நூ சென்ட்ரல் வணிக வளாகத்தின் ஊடே நடந்து மறுபக்கம் போக வேண்டும்.

படி 5: என்ன பார்ப்பது, எப்போது

பல நாட்களில் பிற்பகல் மழை கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே திறந்தவெளி எல்லாம் காலையில்.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேரே போகிறது. எட்டு மணிக்குள் சேர்ந்துவிட்டால் 272 படிகளையும் வெயில் ஏறுமுன் ஏறிவிடலாம். மேலே குகைக் கோயிலுக்குக் கட்டணம் கிடையாது. கீழே டிக்கெட் கேட்கும் குகைகளைத் தவிர்த்தாலும் நட்டமில்லை. முழங்கால் மூடிய உடை அவசியம். கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதீர்கள், குரங்குகள் அர்ச்சனைத் தட்டுக்கும் சிப்ஸ் பொட்டலத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. கொமுட்டரில் இளஞ்சிவப்பு அடையாளமிட்ட பெட்டி பெண்களுக்கு மட்டும்.

இன்னொரு காலைக்குப் பசார் செனியிலிருந்து நடை. 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில், அடுத்த தெருவான பெட்டாலிங் ஸ்ட்ரீட், சென்ட்ரல் மார்க்கெட், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909இல் கட்டி முடித்த ஜாமெக் பள்ளிவாசல், 1957இல் பிரிட்டிஷ் கொடி இறங்கிய மெர்டேக்கா சதுக்கம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளித் தேர் புறப்படுவது அந்த மாரியம்மன் கோயிலிலிருந்துதான்.

இரட்டைக் கோபுரத்தின் மேலேறும் டிக்கெட் விலைக்கு நிறையச் சாப்பிடலாம். மாலையில் எல்ஆர்டியில் கோபுரத்தடியிலுள்ள கேஎல்சிசி நிலையத்துக்குப் போய், பக்கத்துப் பூங்காவில் எட்டு மணிக்குத் தொடங்கும் நீரூற்றைப் பாருங்கள். கோபுரம் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும்.

படி 6: சாப்பாடு

காலையில் மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடை. ரொட்டி சானாயும் (பரோட்டா போன்றது) தே தாரேக்கும் (ஆற்றிய பால் தேநீர்) ஐந்து ரிங்கிட்டை ஒட்டி முடியும். சர்க்கரை தூக்கலாக இருக்கும். "குராங் மானிஸ்" என்றால் குறைத்துப் போடுவார்கள்.

சோறும் குழம்புகளுமான நாசி கண்டாரில்தான் கவனம் வேண்டும். சோற்றைத் தட்டில் போட்டு, நான்கைந்து குழம்புகளை மேலே மேலே ஊற்றிக் கலந்து, "வேறென்ன?" என்று பார்ப்பார் கடைக்காரர். விலைப்பலகை பெரும்பாலும் இருக்காது. கோழி, முட்டை, வெண்டைக்காய் வரை பயமில்லை. கணவாய், பெரிய இறால், மீன் முட்டை என்று விரலை நீட்டினால் தட்டின் விலை இரட்டிப்பாகிவிடும். கரண்டி இறங்குமுன் "அண்ணே, இது எவ்வளவு?" என்று தமிழிலேயே கேளுங்கள், பல கடைகளில் பரிமாறுபவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரராக இருப்பார். "ஆறு வெள்ளி" என்று பதில் வந்தால் ஆறு ரிங்கிட்.

படி 7: திரும்பும் நாள்

சாலை நெரிசலில் பஸ் பயணம் நீளும். விமானம் கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போதே கேஎல் சென்ட்ரலில் பஸ் ஏறிவிடுங்கள். டெர்மினல் 1, டெர்மினல் 2 இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள், நடந்து மாற முடியாது. உங்கள் டிக்கெட்டில் எது என்று பார்த்து ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.