கத்தரி எபிலாக்னா வண்டும் ஈரிழை ஆர்என்ஏவும்: ஆய்வகச் சோதனை முறை

கத்தரி இலையில் பச்சையை மட்டும் சுரண்டித் தின்று நரம்பை வலை மாதிரி விட்டுவைக்கும் மஞ்சள் முள்புழுவை வாழப்பாடி, தலைவாசல் பக்கம் காய்கறி போடுகிறவர்களுக்குத் தெரியும். அது எபிலாக்னா வண்டின் புழு. பூச்சியின் ஒரு மரபணுவோடு ஒத்துப்போகும் ஈரிழை (இரட்டை இழை) ஆர்என்ஏ அதன் செல்லுக்குள் போனால், அந்த மரபணுவிலிருந்து புரதம் உருவாவது தடைபடும். இதுதான் மரபணு முடக்கம். இதைச் சோதிக்க எபிலாக்னா தோதான பூச்சி. வண்டினங்கள் பலவற்றில் ஈரிழை ஆர்என்ஏவைத் தின்றாலே மரபணு முடங்கிவிடும். அந்துப்பூச்சிப் புழுக்களின் குடல் நொதிகளோ அதை வேகமாகச் சிதைத்துவிடும். அதனால் அந்துப்பூச்சிப் புழுவான கத்தரிக் காய்ப்புழுவில் தொடங்காதீர்கள். அது காய்க்குள் இருப்பதால் தெளிப்பும் எட்டாது.

நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு அனுமதி கைக்கு வந்தபின் மரபணுவைத் தேர்ந்தெடுங்கள். செல்லுக்குள் அமிலச் சமநிலையைக் காக்கும் புரதத்துக்கான வி-ஏடிபேஸ்-ஏ மரபணு நல்ல இலக்கு. அதில் 300–400 கார இணை (மரபணு எழுத்து) நீளமுள்ள துண்டு போதும். இங்கேதான் பொறுமை வேண்டும். எபிலாக்னாவும், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் ஒரே குடும்பம். துண்டு செல்லுக்குள் 21 எழுத்து அளவில் நறுக்கப்படும். பொறிவண்டின் மரபணுவோடு தொடர்ந்து 21 எழுத்து ஒத்துப்போனால் அந்தத் துண்டு வேண்டாம். பக்கத்து மரவள்ளி வயலில் மாவுப்பூச்சியைத் தின்று நமக்கு உழைக்கிற பூச்சியை நாமே கொல்லக் கூடாது. தேனீ, பட்டுப்புழுவோடும் ஒப்பிடுங்கள்.

துண்டை எல்4440 என்ற பிளாஸ்மிடில் (வட்ட வடிவ டிஎன்ஏவில்) சேர்த்து, ஈரிழை ஆர்என்ஏவைச் சிதைக்காத ஹெச்டி115 வகை இ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, 37 டிகிரியில் வளர்த்திடுங்கள். பாக்டீரியா வளர்ச்சியைக் காட்டும் ஒளியடர்த்தி 0.4 வந்ததும், ஆர்என்ஏ உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 0.4 மில்லிமோலார் அளவில் சேர்த்து 4 மணி நேரம் விடுங்கள். மையவிலக்கில் சுற்றிப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது சாக 80 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்குங்கள். வளர்ப்புத் தட்டில் பூசி எதுவும் முளைக்கவில்லை என்று உறுதியான பிறகே பயன்படுத்துங்கள். கொஞ்சம் ஆர்என்ஏவைப் பிரித்து, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள், தெளிவான பட்டை தெரிய வேண்டும். கீழே இழுபட்ட கறை என்றால் ஆர்என்ஏ சிதைந்துவிட்டது, புதிதாகத் தயாரியுங்கள்.

இந்தப் பாக்டீரியா கலந்த தண்ணீரில் கத்தரி இலைத்துண்டை 2 நிமிடம் முக்கி, நிழலில் உலர்த்தி, ஒரு பெட்டிக்கு 20 இளம்புழு வீதம் 3 பெட்டியில் கொடுங்கள். வெறும் தண்ணீரில் முக்கிய இலைக்கு ஒரு தொகுதி, பூச்சியில் இல்லாத பச்சை ஒளிர் புரத மரபணுவின் ஆர்என்ஏ உள்ள பாக்டீரியாவுக்கு ஒரு தொகுதி கட்டாயம். பின்னது இல்லாவிட்டால் புழுவைக் கொன்றது பாக்டீரியாவா ஆர்என்ஏவா என்று சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் புழுக்கள் உயிரோடு ஊரும். கைவிட்டுவிடாதீர்கள். உடலில் ஏற்கெனவே இருக்கும் புரதம் தீர வேண்டும். முதலில் இலையில் சுரண்டிய பரப்பு சுருங்கும், சாவு பிறகுதான். 10 நாள் எண்ணுங்கள், இலையைத் தினமும் மாற்றுங்கள்.

தண்ணீர்த் தொகுதியிலும் புழு செத்தால் பூஞ்சையையோ வெப்பத்தையோ சந்தேகப்படுங்கள். ஏற்காட்டில் பனிமூட்ட நாட்களில் பெட்டிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். அடியில் உறிஞ்சுதாள் போடுங்கள். சேலத்துக் கோடையில் 26 டிகிரி அறை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கான லெட்ப்ரோனா என்ற ஈரிழை ஆர்என்ஏ தெளிப்புக்கு 2023 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இங்கே 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவாகாத கரைசலை விவசாயியின் வயலில் தெளிக்கக் கூடாது. ஒரு பாத்திகூட வேண்டாம்.