தள்ளிச்செல்லும் பெட்ரோல் புல்வெட்டி: கயிற்றை இழுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்கள் பலரிடம் தோளில் மாட்டிக் காடு வெட்டும் மிஷின் இருக்கும். எங்கள் பெரியப்பாவும் பல வருடங்களாக அதைக் கையாளுகிறவர்தான். வீட்டு முற்றத்தில் புல்தரை போட்டதும், சக்கரம் வைத்துத் தள்ளிச்செல்லும் புல்வெட்டி ஒன்று வாங்கினார். பழைய மிஷினுக்குச் செய்வதுபோலவே பெட்ரோலில் ஆயில் கலந்து டேங்கில் ஊற்றி, கயிற்றை இழுத்தார். ஓடியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. பிறகு கயிறு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. எஞ்சினுக்குள் ஒரு சொட்டு ஆயில் இல்லை. புது மிஷின்கள் பெரும்பாலும் ஆயில் ஊற்றாமல்தான் பெட்டியில் வருகின்றன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நல்ல பணம் கொடுத்து வாங்கிய மிஷின் முதல் நாளே போனதைப் பார்த்து வந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். பராமரிப்பு அப்புறம். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அடையாளம் காண்பதே முதல் வேலை.

முதல் படி: என்ன மிஷின் இது?

எஞ்சினில் எத்தனை மூடிகள் இருக்கின்றன என்று பாருங்கள். பெட்ரோல் டேங்கின் மூடி ஒன்று. அது தவிர, எஞ்சின் உடலில் இன்னொரு மூடி இருந்து, அதைத் திருகி எடுத்தால் கூடவே ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியும் வந்தால், அது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஆயில் தனி, பெட்ரோல் தனி; இரண்டையும் கலக்கவே கூடாது. டேங்க் மூடி மட்டும்தான் இருக்கிறது, மூடியின் மேல் 25:1 அல்லது 50:1 என்று பெட்ரோலுக்கு ஆயில் கலக்கும் விகிதம் எழுதியும் இருக்கிறது என்றால் இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலப்பது அதற்கு மட்டும்தான். இப்போது கடைகளில் கிடைக்கும் தள்ளிச்செல்லும் புல்வெட்டிகளில் பெரும்பாலானவை நான்கு ஸ்ட்ரோக்.

அடுத்து பிளேடு. அடித்தட்டுக்குக் கீழே ஒரே பட்டையாகக் கிடைமட்டத்தில் சுழன்றால் அது சுழல் பிளேடு வகை. வீடு, பள்ளி, கோயில் வளாகங்களுக்கு இதுவே போதும். உருளையில் பல பிளேடுகள் சுற்றி அமைந்து கத்தரிக்கோல்போல நறுக்கினால் உருளை வகை; கிரிக்கெட் மைதானத்துக்கு ஏற்றது. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி இந்த உருளை வகைதான். இனி நான் சொல்வது சுழல் பிளேடு வகைக்கு.

எஞ்சின் எண்ணையும் குறித்து வையுங்கள். மிஷினின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றாகவும் உள்ளே உள்ள எஞ்சின் வேறு நிறுவனத்ததாகவும் இருப்பது சாதாரணம். உதிரிபாகம் கேட்கும்போது எஞ்சின் எண்தான் உதவும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினில் மாடல், டைப், கோட் என்று மூன்று எண்கள் இருக்கும். கோட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த தேதி: 150412 என்று தொடங்கினால் 2015 ஏப்ரல் 12. ஹோண்டாவில் ஜிசிவி என்றால் வீட்டு உபயோகத்துக்கு, ஜிஎக்ஸ்வி என்றால் கடின வேலைக்கு. எண்ணைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டால் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடையில் நின்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: ஆயில்

சமதளத்தில் நிறுத்துங்கள். அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, திரும்ப விட்டுப் பாருங்கள். திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டில் இருக்கும். நமது வெப்பநிலைக்கு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலில் எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30 என்று புட்டியில் எழுதியிருக்கும் தரம் பொருந்தும். பெரும்பாலான மிஷின்களுக்கு அரை லிட்டரிலிருந்து 650 மில்லிக்குள் போதும். புட்டி ஒரு லிட்டர் என்பதற்காக முழுவதையும் கவிழ்த்துவிடாதீர்கள். அதிகமானால் வெள்ளைப் புகை கக்கும். புது எஞ்சினில் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். சில கையேடுகள் 5 மணி நேரம் என்கின்றன, சில 20 என்கின்றன. அதன்பிறகு பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்; உங்கள் கையேடு அதற்கு முன்பே மாற்றச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

மூன்றாம் படி: பெட்ரோல்

இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தும் ஓடாத மிஷின்களில் நான் பார்த்த பெரும்பாலானவற்றுக்கு நோய் இதுதான். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது. சிறு எஞ்சின்களின் கையேடுகள் பலவும் 10 சதவீதம்வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் மாவட்டத்திலோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஒரு மழைக்காலம் டேங்கில் கிடந்த பெட்ரோலோடு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன்: அடியில் தண்ணீர்க் குமிழிகள், ஓரத்தில் பச்சை படிந்த வழவழப்பு, வார்னிஷ் வாடை. நடுவில் உள்ள நுண்துளை முழுவதும் அடைந்திருந்தது. மின்கம்பியிலிருந்து உருவிய மெல்லிய செம்பு இழையால் அடைப்பை எடுத்தேன். ஊசியோ எஃகுக் கம்பியோ விட்டால் துளை பெரிதாகிவிடும்.

ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் பெட்ரோல் வாங்குங்கள்.

நான்காம் படி: பிளேடு

முதலில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் தொப்பியை உருவி ஓரமாக ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் அடித்தட்டுக்குக் கீழே கை விடாதீர்கள். பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சினும் சுழலும், ஒரு பொறி போதும், விரல்கள் போய்விடும்.

சாய்க்கும்போது பிளக் மேலே வரும்படி முன்பக்கத்தைத் தூக்குங்கள். பக்கவாட்டில் சாய்க்க நேர்ந்தால் ஏர் ஃபில்டர் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சினில் உள்ள ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். டேங்க் நிறைந்திருக்கும்போது சாய்க்காதீர்கள்.

பிளேடு சுழலாதபடி ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்து, ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று சாக்பீஸால் குறியிடுங்கள். நுனியில் வளைந்து நிற்கும் சிறகு மேல்நோக்கி, அடித்தட்டின் பக்கம் இருக்க வேண்டும். அதுதான் புல்லை நிமிர்த்திப் பிடிக்கும் காற்றை எழுப்புகிறது. அரத்தால் ஏற்கெனவே உள்ள சாய்வை ஒட்டியே, மேல்பக்கத்தில் மட்டும் தீட்டுங்கள். சவர பிளேடு கூர்மை வேண்டாம். அது முதல் கல்லிலேயே மடங்கிவிடும். பிறகு சுவரில் ஓர் ஆணி அடித்து, நடுத்துளையில் பிளேடை மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அரம் போடுங்கள். எடை சமமாக இல்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்தே எஞ்சின் தண்டைக் கெடுத்துவிடும்.

தீட்டும் காலம் வந்துவிட்டதா என்று புல்லே காட்டும். வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு புல்லின் நுனியைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் நல்லது. நார்நாராகக் கிழிந்து பழுப்பேறியிருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

நம் விளைகளில், அதாவது தோட்டங்களில், புல்லுக்குள் சிரட்டையும் (கொட்டாங்குச்சி) மட்டைத் துண்டும் ஒளிந்து கிடக்கும். வெட்டும் முன் ஒருமுறை நடந்து பொறுக்குங்கள். கல்லில் அடிபட்ட பின் மிஷின் ஓட மறுத்து, கயிறு கையை வெடுக்கென்று திருப்பி இழுத்தால், ஃபிளைவீல் சாவி அறுந்திருக்கலாம். எஞ்சின் தண்டைக் காப்பதற்காகத் தான் அறுந்துபோகும்படி செய்த சிறு உலோகத்துண்டு அது. விலை குறைவுதான், மெக்கானிக் மாற்றித் தருவார்.

ஐந்தாம் படி: சுத்தம்

காகித ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுங்கள், கழுவாதீர்கள். பஞ்சு ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு காயவைத்து, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள்.

ஈரப்புல் அடித்தட்டில் அப்பிக்கொண்டு தகரத்தைத் தின்றுவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். காய்ந்த தென்னை மட்டைத் துண்டால் சுரண்டுங்கள், பெயின்ட் உரியாது. பிறகு நான் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்துவிடுவேன்; அடுத்த முறை புல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. எஞ்சின் மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

ஆறாம் படி: மூடிவைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலிசெய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி ஆயிலை உள்ளே விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துப் பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். கடைசியாக இன்னொரு முறை, கை கனக்கும் இடம்வரை இழுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். மழை ஈரம் சிலிண்டருக்குள் போகாது.