நிதி திரட்டித் துருவம் போகிறவர்கள் கடைசி வாரங்களில் செய்யும் தவறுகள்

ஆண்டின் நடுப்பகுதி கடந்துவிட்டால் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, டிசம்பரில் தென் துருவம் போகிறோம், எங்கள் ஏற்பாடுகளை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். அநேகமாக எல்லாருக்கும் ஒரே பாதைதான். சிலியின் புந்தா அரினாஸிலிருந்து விமானத்தில் அண்டார்க்டிகாவில் உள்ள யூனியன் கிளேசியர் முகாம், அங்கிருந்து சிறிய விமானத்தில் தென் அட்சரேகையின் 89ஆவது பாகை. மிச்சமிருக்கும் ஒரு பாகையை, அதாவது சுமார் 111 கிலோமீட்டரை, சாமான்கள் ஏற்றிய ஸ்லெட் என்னும் சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுத்தபடி பனிச்சறுக்குப் பலகைகளில் கடக்க வேண்டும். கூடவே ஓர் அறநிறுவனத்துக்காக நிதியும் திரட்டுவார்கள்.

சிங்கப்பூரர்களால் இது முடியுமா என்ற கேள்விக்குக் கூ சுவீ சியாவும் அவருடைய குழுவினரும் 1999ஆம் ஆண்டின் இறுதியிலேயே தென் துருவத்தை அடைந்து பதில் சொல்லிவிட்டார்கள். உடற்பயிற்சி போதாமை, காலாவதியான கடப்பிதழ் போன்றவற்றைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. நன்றாகப் படித்த, கடுமையாக உழைக்கிற பிள்ளைகள் கடைசி வாரங்களில் தடுக்கி விழுகிற இடங்கள் வேறு. அவற்றில் பல, நாங்களும் அந்தக் காலத்தில் தடுக்கியவைதான்.

வியர்க்க வியர்க்கப் பழகுவது

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மாலை வேளையில் ஸ்லெட்டுக்குப் பதிலாக டயர் இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டை பிழியும் அளவுக்கு நனைந்தால்தான் பயிற்சி செய்த திருப்தி அவர்களுக்கு. கால்களுக்கு வலு சேரும், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொள்கிறது. கோடைக்காலத்திலேயே மைனஸ் 25, மைனஸ் 30 இருக்கும் பீடபூமியில் வியர்வை உள்ளாடையை நனைத்து, மேலாடைகளுக்குள் ஊறி, நீங்கள் ஓய்வெடுக்க நின்ற சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். தென் துருவம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சும் சீக்கிரம் வாங்கும். அங்கே வேகமாகப் போகிறவர் கெட்டிக்காரர் அல்லர்.

கடைசி வாரங்களில் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் வருபவரோடு தொடர்ந்து பேச முடிகிற வேகம் போதும். மணிக்கு ஒருமுறை நின்று, கொஞ்சம் தின்று, தண்ணீர் குடித்து, மறுபடி இழுங்கள். அங்கே போனதும், சற்றுக் குளிர்கிறதே என்று தோன்றும் உடையோடு புறப்படுங்கள். தடித்த இறகு மேலங்கி நிற்கும்போது போட்டுக்கொள்ள மட்டும்.

வெறுங்கையால் ஒத்திகை பார்ப்பது

குளிரே இல்லாத ஊரில் எப்படி ஒத்திகை பார்ப்பது என்று கேட்கிறார்கள். குளிர் தேவையில்லை, தடித்த கையுறை போதும். கூடாரம் போடுவது, அடுப்பின் குழாயைப் பொருத்துவது, காலணிக் கயிற்றை முடிவது, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது எல்லாவற்றையும் வீட்டுக் கூடத்தில் கையுறையோடு செய்து பாருங்கள். எந்த ஜிப்பைப் பிடிக்க முடியவில்லையோ அதில் நீளமான கயிற்றைக் கட்டுங்கள். காற்று பறித்துக்கொண்டு போகாதபடி கையுறைக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு வார் வேண்டும்.

பயணச் செலவையும் நன்கொடையையும் ஒரே கணக்கில் போடுவது

இந்த ஒன்றில்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு. நல்ல பிள்ளைகள். ஒரு சிறுவர் இல்லத்துக்காக நிதி திரட்டினார்கள். சுவரொட்டியில் "எங்கள் துருவப் பயணத்துக்கு ஆதரவு தாருங்கள், சிறுவர்களுக்கு உதவுங்கள்" என்று இரண்டையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். பணம் குழுத் தலைவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போனது. தேக்காவில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்களிடம் அவர்களை அழைத்துப் போனவன் நான். காய்கறிக் கடை அக்கா ஒருவர் ஐம்பது வெள்ளியை எடுத்து நீட்டி, "இது பிள்ளைகளுக்குத்தானே, தம்பி?" என்று கேட்டார். "ஆமாம், அக்கா" என்றார்கள்.

அக்டோபரில் பயண நிறுவனத்துக்குக் கடைசித் தவணை கட்ட வேண்டி வந்தது. ஆதரவு தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது. அந்தக் கணக்கிலோ பணம் இருந்தது. "இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம், திரும்பி வந்து போட்டுவிடலாம்" என்று முடிவு செய்தார்கள். யாரும் திருடவில்லை. ஆனால் துருவத்திலிருந்து திரும்பியபோது, அறிவித்த தொகைக்கும் கையிலிருந்த தொகைக்கும் இடையே பெரிய இடைவெளி. இல்லத்தின் நிர்வாகம் கணக்குக் கேட்டது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டித்தான் அதை அடைத்தார்கள். அதற்குள் அந்த அக்கா என்னிடம், "பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதா?" என்று பலமுறை கேட்டுவிட்டார். அவருக்கு நான் என்ன சொல்வது?

இதற்குப் பிறகும் இதே சுவரொட்டி வாசகத்தோடு புதியவர்கள் வருகிறார்கள். துருவப் பயணத்துக்கு ஒருவருக்கே பல பத்தாயிரம் வெள்ளி செலவாகும். சிங்கப்பூரில் ஓர் அறநிறுவனம் நிதி திரட்டுவதற்குச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. பயணச் செலவு 80,000 வெள்ளி, திரட்டும் இலக்கு 50,000 வெள்ளி என்றால் இது எந்தக் கணக்கிலும் அடங்காது. பயணச் செலவு உங்களுடையது. உங்கள் சேமிப்பு, உங்கள் குடும்பம், பயணத்துக்கென்றே தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த நிறுவனங்கள், இவற்றிலிருந்து மட்டுமே அது வர வேண்டும்.

நன்கொடை உங்கள் கை வழியாகவே போக வேண்டாம். முதலில் அறநிறுவனத்தோடு எழுத்துவழி உடன்பாடு செய்யுங்கள். பிறகு அதன் கணக்குக்கோ கிவிங்.எஸ்ஜி என்ற இணைய நன்கொடைத் தளத்தில் அதற்குள்ள பக்கத்துக்கோ மக்கள் நேரடியாகச் செலுத்தட்டும். ஐபிசி தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக் கழிவு பெற்றுத்தரும் அங்கீகாரம், உள்ள அறநிறுவனமாக இருந்தால் கொடுப்பவருக்கு 250 சதவீத வரிக் கழிவும் கிடைக்கும். உங்கள் சொந்தக் கணக்கில் போட்டால் அவருக்கு அது கிடைக்காது.

ஊரில் உள்ள பள்ளிக்கூடத்துக்கோ வேறு வெளிநாட்டுப் பணிக்கோ திரட்டுவதாக இருந்தால் அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பொதுமக்களிடம் திரட்டும் நிகரத் தொகையில் குறைந்தது 80 சதவீதம் சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும் என்பதுதான் பொதுவான நிபந்தனை. தெருவில் உண்டியல் ஏந்துவதற்கு உரிமம் தனி.

அக்டோபரில் பயணப் பணம் குறைகிறதா? அடுத்த ஆண்டு போங்கள். பனி அங்கேயேதான் இருக்கும்.

வீட்டுப் பலகாரத்தைப் பெட்டியில் அடைப்பது

அம்மா செய்த பருப்புப் பொடி, நெய், முறுக்கு எல்லாம் சாந்தியாகோ விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும். தாவர, விலங்குப் பொருள்களைச் சிலி மிகக் கடுமையாகச் சோதிக்கிறது. எடுத்துப் போவதை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அபராதம். ஒரு நாளைக்கு 5,000 கலோரிக்கு மேல் தேவைப்படும் பயணம் இது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொட்டைகள் எல்லாமே புந்தா அரினாஸில் கிடைக்கும். அங்கே வாங்கி, ஒரு நாளுக்கு ஒரு பை என்று பிரித்து, சாக்லேட்டை அறையிலேயே சிறு துண்டுகளாக உடைத்துவிடுங்கள்.

பல்

உறைந்த சாக்லேட் பல் அடைப்பைப் பெயர்த்துவிடும். இந்த மாதமே பல் மருத்துவரைப் பாருங்கள்.

காப்புறுதி

அண்டார்க்டிகாவிலிருந்து மீட்பு விமானத்தில் கொண்டுவரும் செலவு, அந்தச் சொற்களிலேயே, ஆவணத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சிக் காலணியோடு போவது

புல்வெளியில் நடந்த காலணியிலும் முதுகுப்பையின் வெல்குரோ பட்டையிலும் விதைகள் ஒட்டியிருக்கும். அண்டார்க்டிகாவுக்கு அந்நிய உயிரினங்களைக் கொண்டுபோவதை 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் நடப்புக்கு வந்த சுற்றுச்சூழல் உடன்படிக்கை தடுக்கிறது. அதன்படி ஸ்லெட் இழுத்த நாய்களே 1994க்குள் வெளியேற்றப்பட்டுவிட்டன. தூசி உறிஞ்சியும் சிறு இடுக்கியும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை.

திரும்பும் தேதிக்கு வாக்குக் கொடுப்பது

யூனியன் கிளேசியரில் விமானம் இறங்குவது நீலப் பனிக்கட்டி ஓடுபாதையில். காற்றும் பார்வைத் தெளிவும் சரியாக அமையும்வரை புந்தா அரினாஸில் காத்திருக்க வேண்டும். அது நாள்கணக்கில் நீளலாம், திரும்பும்போதும் அப்படித்தான். இது தெரிந்தும் ஜனவரி முதல் வாரத்தில் காசோலை வழங்கும் நிகழ்ச்சிக்குச் சமூக மன்றத்தில் மண்டபம் பதிவு செய்கிறார்கள். இல்லத்துப் பிள்ளைகள் நடனம் பழகிக் காத்திருப்பார்கள். நிகழ்ச்சியைப் பிப்ரவரிக்குத் தள்ளி வையுங்கள். சாந்தியாகோவிலிருந்து சாங்கிக்கு வரும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகவே வாங்குங்கள், விலை கூடினாலும்.