கேமரன் மலைக் குளிரில் வீட்டு முயலை வெளியே விடுவது எப்படி?

நம் கேமரன் மலையில் ரிங்லெட், ஹாபு பக்கம் புதிதாக முயல் வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இந்தக் குளிரில் வெளியே விடலாமா?" என்றுதான். தாராளமாக விடலாம். முயலுக்கு வெயில்தான் பெரிய ஆபத்து. அதற்கு நம்மைப் போல வியர்க்காது. உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் தணித்துக்கொள்ளும். 30 டிகிரியை நெருங்கினாலே திணற ஆரம்பித்துவிடும். நம் மலையில் பகலில் 20 டிகிரிக்குச் சற்று மேலே, இரவில் 15, 16. முயலுக்கு இது நல்ல சுகமான காலநிலை.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கும், ஈரத்தோடு சேர்ந்து அடிக்கும் காற்றுக்கும். காய்ந்த ரோமத்துக்கிடையில் தங்கியிருக்கும் காற்றுதான் முயலின் உடல் சூட்டைக் காக்கிறது. ரோமம் நனைந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் குளிரைவிட மழையையும் பனி ஈரத்தையும்தான் கவனிக்க வேண்டும்.

படி 1: உங்கள் முயல் தயாரா?

நன்றாகச் சாப்பிட்டு, புழுக்கை உருண்டையாகக் காய்ந்து விழும் வளர்ந்த முயல் என்றால் சரி. குட்டி, வயதானது, தும்மிக்கொண்டிருப்பது, மெலிந்தது எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். குளிர்நாட்டு முயல்கள் பகல் குறையக் குறைய தடித்த ரோமம் வளர்த்துக்கொள்ளும். இங்கே வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே நீளம், அதிலும் உங்களுடையது வீட்டுக்குள் வளர்வது. அதனால் அந்தத் தடித்த ரோமத்தை எதிர்பார்க்காதீர்கள். ஈப்போவிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ இப்போதுதான் மலையேறி வந்த முயலாக இருந்தால், சில நாள் வீட்டுக்குள் பழகட்டும். அப்புறம் வெளியே விடலாம்.

படி 2: இடம் பார்ப்பது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். தேயிலைத் தோட்டமும் காய்கறித் தோட்டமும் சூழ்ந்த ஊர் இது. பச்சையாக இருக்கிற புல்லெல்லாம் தின்னக்கூடிய புல் இல்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020-இலிருந்து நம் மலேசியாவில் தடை. ஆனாலும் களைக்கும் பூச்சிக்கும் வேறு மருந்துகள் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காற்றில் அது பக்கத்து வேலியோரம் வரை வந்து படியும். பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, இந்தப் பக்கம் கடைசியா எப்போ மருந்து அடிச்சீங்க? இனி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாலையோரப் புல்லும், வாய்க்கால் ஓரப் புல்லும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து செடிகள். மலை வீடுகளில் ஆசையாக வளர்க்கும் ஹைட்ரேஞ்சியா முயலுக்கு விஷம். ஊமத்தை வகையைச் சேர்ந்த, எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூச்செடியும் விஷம். அதில் இலை, பூ, விதை எதுவுமே ஆகாது. அரளி, உண்ணிச்செடி, தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை இவையும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். வாசலில் பூச்செடி நிறைய இருந்தால், பின்பக்கம் வெறும் புல் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: வேலியும் ஒதுங்கிடமும்

கம்பிவலைத் தடுப்பு 90 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். மேலேயும் வலை போடுங்கள்; பருந்து, பூனை இரண்டுக்கும் அது வேண்டும். முயல் தோண்டும், அதனால் அடிப்பக்க வலையை உள்பக்கமாக மடித்து, மேலே கல் வைத்துவிடுங்கள். தெருநாய் கடிக்க வேண்டும் என்பதில்லை. வேலிக்கு வெளியே நின்று குரைத்தாலே போதும், பயத்தில் முயல் எகிறிக் குதித்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். எனவே வேலி இருந்தாலும் ஆள் கூடவே இருக்க வேண்டும்.

ஒதுங்கிடத்துக்கு நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடை. அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். மேலேயும் மூன்று பக்கமும் தார்ப்பாய் சுற்றி, வாயைக் காற்று வராத பக்கம் திருப்பிவிடுங்கள். உள்ளே காய்ந்த புல்லைத் தாராளமாகப் போடுங்கள். பழைய துணி, துண்டு போடுவதைப் பலர் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முயல் அதைக் கடித்து விழுங்கவும் செய்யும். அட்டைப் பெட்டி இந்த மூடுபனியில் ஒரே காலையில் நைந்துபோகும்.

படி 4: நேரம்

விடிகாலையில் புல்லில் கை வைத்துப் பாருங்கள், சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். வெயில் ஏறி அது காயும் வரை பொறுங்கள். மத்தியானத்துக்கு மேல் இங்கே மழையை நம்ப முடியாது. ஆக, காலை பத்து மணியைச் சுற்றியுள்ள நேரம்தான் தோது. சூரியன் நேராக அடித்தால் மலையிலும் சுள்ளென்று இருக்கும், நிழல் ஒரு ஓரமாவது வேண்டும்.

படி 5: முதல் நாள்

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கையை மார்புக்கு அடியிலும் இன்னொன்றைப் பின்பக்கத்துக்கு அடியிலும் கொடுத்து, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். ஒதுங்கிடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுச் சும்மா உட்காருங்கள். முதலில் அசையாமல் மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். துரத்தி விளையாடப் பார்க்காதீர்கள். கால் மணி நேரம் போதும், அடுத்தடுத்த நாட்களில் கூட்டிக்கொள்ளலாம். பசும்புல் பழக்கமில்லாத முயலுக்கு ஒரேயடியாகத் தின்னக் கிடைத்தால் வயிறு கெடும். வெளியே விடுவதற்கு முன் வழக்கமான காய்ந்த புல்லைக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: உள்ளே கொண்டுவந்ததும்

முதுகு ரோமத்தின் மேல் வாயால் மெதுவாக ஊதுங்கள். ரோமம் வட்டமாக விரிந்து தோல் தெரியும். நுனி மட்டும் ஈரமென்றால் துண்டால் ஒற்றினால் போதும். தோல் வரை நனைந்திருந்தால் முழுக்கக் காயும் வரை விடாமல் துடையுங்கள். பாதங்களையும் பாருங்கள், ஈரத்திலேயே நின்றால் குதிகால் புண்ணாகும்.

அப்புறம் வாலைத் தூக்கிப் பார்ப்பது. அங்கே அழுக்கு ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு பொரித்து, உயிரோடு இருக்கும்போதே சதையைத் தின்னத் தொடங்கிவிடும். மலையில் ஈ இல்லை என்று நினைக்காதீர்கள், கோழி எரு போடும் தோட்டங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

காது சில்லென்றிருந்தால் பதற வேண்டாம், சூட்டைக் காக்க அது ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. நடுக்கம், கூனிக் குறுகி அசையாமல் உட்காருவது, கூப்பிட்டால் திரும்பாதது இவைதான் கெட்ட அறிகுறிகள். அரை நாள் சாப்பிடவோ புழுக்கை போடவோ இல்லையென்றால் குடல் நின்றுபோயிருக்கலாம், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல் பார்ப்பதில்லை. பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் போட்டுவையுங்கள்.